ஹட்சனின் 99 டச்டவுன்களில் எத்தனையைக் கழிப்பது?

கேள்வி இது: "அமெரிக்கக் கால்பந்தின் ஆரம்பகாலத்தில் டான் ஹட்சன் என்று ஒருவர் ஆடினாராம். பந்தைப் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளே இல்லை என்கிறார்கள். ஆனால் அவர் குவித்ததில் பாதி இரண்டாம் உலகப்போர் நடந்த வருடங்களில். நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் பட்டாளத்துக்குப் போன நேரத்தில் எடுத்த எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்?"

நியாயமான சந்தேகம்தான். போருக்காகக் கொஞ்சம் கழிக்கத்தான் வேண்டும். கழித்த பிறகும் அவருக்குப் பக்கத்தில் நிற்க அந்தக் காலத்தில் ஆளில்லை. ஆனால் அவர் கணக்கில் கழிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்த ஆட்டத்தைப் பார்த்தே இராதவர்களுக்காக முதலில் நாலு வரி. பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. இப்படியே போய் எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு தாண்டினால் அது டச்டவுன், ஆறு புள்ளி. அப்புறம் கம்பங்களுக்கு நடுவே ஓர் உதை, அதற்கு ஒரு புள்ளி. முன்னேற இரண்டே வழி. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்களை முட்டித் தள்ளி ஓடலாம். அல்லது முன்னால் ஓடும் சகாவுக்கு எறியலாம், அவர் அது தரையில் விழுவதற்குள் பிடிக்க வேண்டும். இரண்டாவதற்குப் பெயர் பாஸ்.

இன்றைக்கு இந்த ஆட்டமே பாஸ்தான். 1930களின் தொடக்கத்தில் அப்படி இல்லை. பந்து இப்போதையதைவிடக் கொழுத்திருக்கும், ஒரு கைக்குள் அடங்காது. எறிகிறவர் அந்த வாய்ப்பு தொடங்கும் கோட்டுக்குக் குறைந்தது ஐந்து கெஜம் பின்னால் நின்றுதான் எறிய வேண்டும் என்று விதி வேறு. வேறு வழியே இல்லை என்றால்தான் பாஸ். 1933ல் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக் அந்த ஐந்து கெஜ விதியை எடுத்தது. 1934ல் பந்தின் இடுப்பைக் குறைத்தது. 1935ல் ஹட்சன் வந்து சேர்ந்தார். இவ்வளவு பொருத்தமாக ஒருவர் வந்து சேர்வது எந்த விளையாட்டிலும் அபூர்வம். கதவைத் திறந்து வைத்தவர்கள் வேறு யாரோ. உள்ளே ஓடி வந்தவர் இவர்.

ஆர்கன்சா மாநிலத்தின் பைன் பிளஃப் என்ற ஊரில் 1913 ஜனவரி 31 அன்று பிறந்தவர். ஆறடி ஓரங்குல உயரம், ஒல்லி உடம்பு, எடை ஏறக்குறைய 83 கிலோ. சிறுவயதில் பாம்பு வளர்த்தவர் என்று சொல்வார்கள். அலபாமா பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். அங்கே அவர் முன்வரிசையின் ஒரு ஓரத்தில் நிற்பார், இன்னொரு ஓரத்தில் பால் பிரையன்ட் என்றொரு பையன் நிற்பான். பிற்காலத்தில் 'பேர்' பிரையன்ட் என்ற பெயரில் கல்லூரிக் கால்பந்தின் மிகப் பெரிய பயிற்சியாளராக ஆனது அந்தப் பையன்தான். ஆனால் அன்றைக்கு அவருக்கு இருந்த அடையாளம் 'அந்த இன்னொரு ஓரத்து ஆள்' என்பதுதான்.

1935ஆம் ஆண்டின் புத்தாண்டு தினத்தில் கலிஃபோர்னியாவில் ரோஸ் பௌல் என்ற கல்லூரி ஆட்டம். ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக அலபாமா 29-13 என்று வென்றது. ஹட்சன் பிடித்த பாஸ்கள் ஆறு, கெஜம் 165, டச்டவுன் இரண்டு. இரண்டுமே ஐம்பது கெஜத்துக்கு மேற்பட்ட தூரம். தொழில்முறை அணிகள் மோப்பம் பிடித்துவிட்டன.

அப்போது கல்லூரி முடித்து வருகிறவர்களை முறைப்படி பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு லீக்கில் இல்லை. அது அடுத்த வருடம்தான் வந்தது. யார் வேண்டுமானாலும் யாரிடம் வேண்டுமானாலும் பேரம் பேசலாம். ஹட்சன் இரண்டு அணிகளின் ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டார்! ஒன்று கிரீன் பே பேக்கர்ஸ், இன்னொன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ். பேஸ்பால் டாட்ஜர்ஸ் வேறு; அதே பெயரில் ஒரு கால்பந்து அணியும் அப்போது இருந்தது. இரண்டு தாள்களும் லீக் தலைவர் ஜோ காரின் மேசைக்கு வந்தன. அவர் தபால் முத்திரையைப் பார்த்தார். கிரீன் பேயின் கடிதம் 17 நிமிடம் முந்தியிருந்தது. அவ்வளவுதான், முடிந்தது வழக்கு.

அந்த 17 நிமிடம் பெரிய விஷயம். புரூக்ளின் அணி அன்றைக்குப் பந்தை அதிகம் எறியாத அணி. அங்கே போயிருந்தால் ஹட்சன் நல்ல ஓட்டக்காரர் என்ற பெயரோடு நாலைந்து வருடத்தில் காணாமல் போயிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கிரீன் பேயோ நாற்பதாயிரம் பேர்கூட இல்லாத சின்ன ஊர். ஆனால் அணியை 1919ல் தொடங்கி நடத்திவந்த கர்லி லாம்போ, பாஸ் மேல் பைத்தியம் பிடித்த பயிற்சியாளர். ஹட்சனுக்கு ஆட்டத்துக்கு 300 டாலர் பேசினார். அந்தக் காலத்துக்கு அது அதிகம். மற்ற ஆட்டக்காரர்கள் கண்ணில் படக்கூடாது என்பதற்காக வெவ்வேறு வங்கிகளில் 150 டாலர் காசோலைகளாக இரண்டு கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு.

1935 செப்டம்பர் 22. கிரீன் பேயில் சிகாகோ பேர்ஸ் அணியுடன் ஆட்டம். பேக்கர்ஸின் முதல் வாய்ப்பு. எதிரணியின் கடைசிக் காவலர் பீட்டி ஃபெதர்ஸ். மைதானத்தின் மறுபுறம் ஓடிய ஜானி பிளட் என்ற பழைய நட்சத்திரம் மேல்தான் அவருடைய கண். புதுப் பையன் ஹட்சன் ஏதோ ஒப்புக்கு ஓடுவதுபோல் நடுத்தர வேகத்தில் வந்தார், சட்டென்று வேகத்தைக் கூட்டினார். ஆர்னி ஹெர்பர் எறிந்த நீளப் பந்து அவர் கைக்கு வந்தபோது பக்கத்தில் யாருமில்லை. 83 கெஜம், டச்டவுன். அந்த ஆட்டத்தில் விழுந்த ஒரே டச்டவுன் அது, 7-0. ஒரு மாதம் கழித்து சிகாகோவில் அதே பேர்ஸுடன் மறு ஆட்டம். 14-3 என்று பின்தங்கியிருந்த பேக்கர்ஸ், கடைசிச் சில நிமிடங்களில் ஹட்சன் பிடித்த இரண்டு டச்டவுன்களால் 17-14 என்று ஜெயித்தது.

சரி, அப்படி என்னதான் புதிதாகச் செய்தார்? வேகம் இருந்தது. ஆனால் வேகமானவர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். அவருக்கு முன்னால் பாஸ் என்பது பெரும்பாலும், ஒருவர் நேராக ஓடுவது, இன்னொருவர் அவர் இருக்கும் பக்கம் பார்த்து எறிவது. ஹட்சன் ஓட்டத்துக்கு வடிவம் கொடுத்தார். ஏழெட்டு அடி ஓடி நின்று திரும்புவது. திரும்புவதுபோல் பாவனை செய்து, காவலர் ஏமாந்து முன்னே வந்ததும் மறுபடி பாய்வது. உள்ளே வெட்டுவதுபோல் தோளைச் சாய்த்து வெளியே ஓடுவது. எந்த அடியில் திரும்புவார் என்று அவருக்கும் எறிகிறவருக்கும் மட்டுமே தெரியும். அவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டுக் கிளம்பிவிடும். இன்று பள்ளிப் பையன்கள்கூட 'ரூட்' என்று மனப்பாடம் செய்கிறார்களே, அதில் கணிசமானவை அவர் தேய்த்துத் தேய்த்து உருவாக்கியவை. அதனால் அவரை ஒருவர் காவல் காப்பது போய் இருவர், சில ஆட்டங்களில் மூவர் என்று ஆனது. இப்போது சாதாரணமாகிவிட்ட இரட்டைக் காவல் அவரைச் சமாளிக்கத்தான் வேரூன்றியது. ஆட்டத்துக்கு இரண்டு டச்டவுனை ஹட்சன் பெயரில் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, அதற்கு மேல் நாம் எடுக்க முடிகிறதா என்று பார்ப்பேன் என்கிற பொருளில் பேர்ஸ் பயிற்சியாளர் ஜார்ஜ் ஹாலஸ் சொன்னதாக ஒரு பேச்சு உலவுகிறது. அவர் சொன்னாரோ இல்லையோ, நிலைமை கிட்டத்தட்ட அதுதான்.

அன்றைக்குக் கோல் கம்பங்கள் எல்லைக்கோட்டின் மேலேயே நட்டிருக்கும். ஆட்டக்காரர்கள் போய் மோதிக்கொள்வார்கள். ஹட்சன் அந்தக் கம்பத்தையும் விட்டுவைக்கவில்லை. முழு வேகத்தில் ஓடிவந்து ஒரு கையால் கம்பத்தைப் பற்றி, தூணைச் சுற்றும் பிள்ளைபோல் ஒரு சுழற்று சுழன்று, கூட ஓடிவந்த காவலர் நேராகப் போய்விட, மறு கையால் பந்தைப் பிடித்தார் என்பது அவரைப் பற்றி அதிகம் சொல்லப்படும் சம்பவம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறேன். இந்தப் பழைய எண்களோடு நான் தொலைத்த இரவுகள் கொஞ்சமல்ல.

மொத்தம் 11 சீசன், 116 ஆட்டம். பிடித்த பாஸ்கள் 488, கெஜம் 7,991, பாஸ் பிடித்து எடுத்த டச்டவுன்கள் 99. (99 என்றதும் நமக்கு பிராட்மேன் ஞாபகம் வரும். இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தவர்கள். இருவரையும் இரண்டாம் இடத்துக்காரரோடு ஒப்பிட்டால் சிரிப்புதான் வரும்.) ஹட்சன் ஓய்வு பெற்றபோது லீக் வரலாற்றில் அவருக்கு அடுத்து அதிகப் பாஸ் பிடித்திருந்தவர் ஜிம் பென்டன். அவருடைய கணக்கு 190.

பேர்ல் துறைமுகத்தின் மேல் ஜப்பான் குண்டு போட்டது 1941 டிசம்பர் 7. அதற்குள் பேக்கர்ஸின் அந்த வருட வழக்கமான ஆட்டங்கள் முடிந்துவிட்டன. ஆகவே 1935 முதல் 1941 வரையிலான ஏழு சீசன்களைப் போர் தொடாத எண்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஏழில் ஹட்சன் 262 பாஸ், 4,304 கெஜம், 53 டச்டவுன். அந்த ஏழு வருடங்களில் ஆறு வருடம் பாஸ் டச்டவுனில் லீக்கிலேயே அவர்தான் முதல். பிடித்த எண்ணிக்கையில் நான்கு முறை முதல், கெஜத்தில் நான்கு முறை முதல். 1941ல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. 1936லும் 1939லும் சாம்பியன் பட்டம். 1936 இறுதி ஆட்டத்தில் பாஸ்டன் ரெட்ஸ்கின்ஸ் அணிக்கு எதிராக முதல் டச்டவுன் ஹெர்பர் எறிந்து ஹட்சன் பிடித்த 48 கெஜப் பாஸ். போர் என்ற சொல்லையே எடுக்காமல் இங்கேயே நிறுத்தினாலும் அவர்தான் அந்தத் தலைமுறையின் முதல் ஆள்.

மீதி நான்கு சீசனில் 226 பாஸ், 46 டச்டவுன். சீசனுக்குச் சராசரி ஏழரை டச்டவுனாக இருந்தது பதினொன்றரை ஆகிறது. இதைப் பார்த்துத்தான் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சரி, கடுமையாகவே கழித்துப் பார்ப்போம். போர்க்கால நான்கு வருடங்களிலும் அவர் தன் பழைய வேகத்திலேயே ஆடியதாக வைத்தால் அந்த 46 சுமார் 30 ஆகும். 99 இறங்கி 83 ஆகும். பென்டன் 1947 வரை ஆடி முடித்தபோது அவருடைய மொத்தம் 45. கழித்தும் ஏறக்குறைய இரட்டிப்பு.

ஆனால் இந்தக் கழித்தலே சரியில்லை என்பது என் கட்சி. நான்கு வருடங்களைத் தனித்தனியாகப் பாருங்கள். 1942ல் 17 டச்டவுன், 1943ல் 11, 1944ல் 9, 1945ல் 9. லீக் மிக மோசமாக இளைத்துப்போனது எப்போது? 1943லும் 1944லும்தான். 1943ல் கிளீவ்லாந்து ராம்ஸ் ஆளில்லாமல் கடையை மூடியது. பிட்ஸ்பர்க்கும் பிலடெல்பியாவும் ஒரே அணியாகச் சேர்ந்து ஆடின. மறுவருடம் பிட்ஸ்பர்க் சிகாகோ கார்டினல்ஸோடு ஒட்டிக்கொண்டது. இந்த ஒட்டு அணி ஆடிய பத்து ஆட்டத்திலும் தோற்றது. கார்ட்-பிட் என்ற பெயரைக் 'கார்பெட்' என்று திரித்துக் கேலி செய்தார்கள், எல்லோரும் மிதித்துக்கொண்டு போகிறார்கள் என்று. எதிரிகள் பலவீனமானதால்தான் ஹட்சன் குவித்தார் என்றால், உச்சம் அந்த இரண்டு வருடத்தில் வந்திருக்க வேண்டும். வந்தது அதற்கு முன்னால், 1942ல்.

1942க்கு ஒரு பெயர் உண்டு: செசில் இஸ்பெல். 1938ல் அணிக்கு வந்தவர். 1942ல் அவர் எறிந்து எடுத்தது 2,021 கெஜம், ஒரு சீசனில் 2,000ஐத் தாண்டிய முதல் ஆள். டச்டவுன் பாஸ் 24. 1941, 1942 இரண்டிலும் சேர்த்துத் தொடர்ந்து 23 ஆட்டங்களில் டச்டவுன் பாஸ் எறிந்திருக்கிறார். இவர் எறிய, ஹட்சன் பிடிக்க, 11 ஆட்டங்களில் 74 பாஸ், 1,211 கெஜம், 17 டச்டவுன். ஒரு சீசனில் ஆயிரம் கெஜம் தாண்டிப் பிடித்த முதல் மனிதர் ஹட்சன். அந்த வருடம் பிடித்த எண்ணிக்கையில் இரண்டாம் இடம் பெற்றவர் 27 பிடித்தார். கெஜத்தில் இரண்டாம் இடம் 571. டச்டவுனில் இரண்டாம் இடம் 8. மூன்றிலும் இரண்டு மடங்குக்கு மேல்! சிகாகோ பேர்ஸ் அந்த சீசனின் 11 ஆட்டத்தையும் வென்றது, ஆனாலும் சிறந்த ஆட்டக்காரர் விருது மறுபடி ஹட்சனுக்குத்தான் போனது.

அந்த சீசன் முடிந்ததும் 27 வயதில், உச்சியில் இருக்கும்போதே இஸ்பெல் விலகிவிட்டார். வயதானவர்களை லாம்போ எப்படி ஈவிரக்கமில்லாமல் வெளியே அனுப்புகிறார் என்று பார்த்திருந்தார். தனக்கு அது நேரக்கூடாது என்று கல்லூரிப் பயிற்சியாளராகப் போய்விட்டார். அடுத்த வருடமே ஹட்சனின் எண்கள் சரிகின்றன. ஆக 1942க்குப் பெரிய காரணம் போரைவிட இஸ்பெல்தான். போர் செய்த உதவி வேறுவிதம். முப்பதைத் தாண்டிய ஒருவர் 1943 முதல் 1945 வரை அதிகம் தேயாமல் ஆட அது இடம் கொடுத்தது. ஆள் பஞ்சத்தால் 1943ல் லீக் ஆட்டக்காரர்களை இஷ்டம்போல் மாற்றிக்கொள்ள அனுமதித்தது. அதற்கு முன் வெளியே போனவர் நினைத்தபோது திரும்ப முடியாது. வயதான கால்களுக்கு அது வரம். அந்த மூன்று வருடத்தில் கொஞ்சம் கழியுங்கள், நான் மறுக்க மாட்டேன். ஒவ்வொரு சீசன் முடிவிலும் "இதுதான் கடைசி" என்று அறிவித்துவிட்டு அடுத்த சீசனுக்கு வந்து நிற்பார் மனிதர்; அதுவும் அந்தக் காலத்துக்கதைதான்.

ஒரே ஒரு நாளை மட்டும் தொடவிட மாட்டேன். 1945 அக்டோபர் 7, மில்வாக்கி, எதிரணி டெட்ராய்ட் லயன்ஸ். ஆட்டத்தில் நான்கு குவார்ட்டர், ஒவ்வொன்றும் 15 நிமிடம். இரண்டாவது குவார்ட்டரில் மட்டும் ஹட்சன் நான்கு டச்டவுன் பிடித்தார். உதைப்பதும் அவர் வேலை என்பதால் ஐந்து உதைப் புள்ளி வேறு. ஒரு குவார்ட்டரில் ஒரே ஆள் 29 புள்ளி. இன்றுவரை அதை யாரும் தொடவில்லை. ஆட்டம் 57-21. டெட்ராய்ட் சப்பை அணிதானே என்று நினைத்துவிட வேண்டாம். அந்த சீசனில் அவர்கள் ஏழு வெற்றி, மூன்று தோல்வி, பேக்கர்ஸைவிட மேலே முடித்தார்கள்.

உதைப்பது என்றதும் ஞாபகம் வருகிறது: அந்தக் காலத்து ஆட்டக்காரர் என்றால் தாக்குதலும் காவலும் ஒரே ஆள். பந்து எதிரணியிடம் போனாலும் மைதானத்திலேயே நிற்க வேண்டும். இப்போதைய நட்சத்திரங்கள் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் நேரத்தில் ஹட்சன் ஆட்களை மறித்து விழுத்திக்கொண்டிருந்தார். முதலில் அவரை முன்வரிசை ஓரத்தில் நிறுத்தினார்கள், பருத்த ஆட்கள் மாவு பிசைவதுபோல் பிசைந்தார்கள். 1939ல் லாரி கிரெய்க் என்ற முரட்டு இளைஞர் வந்து அந்த இடத்தை ஏற்றுக்கொள்ள, ஹட்சன் பின்வரிசைக்குப் போனார். எறிகிறவனின் மனசு தெரிந்தவர் அல்லவா? எதிரணி எறிந்த பந்தை இடைமறித்துப் பிடிப்பதற்குக் கணக்கு வைக்கத் தொடங்கியது 1940ல். அந்த ஆறு சீசனில் மட்டும் 30 முறை பறித்திருக்கிறார்.

1944 இறுதி ஆட்டமும் ஒரு நல்ல உதாரணம், அதில் அவர் டச்டவுன் எதுவும் எடுக்கவில்லை என்றாலும். நியூயார்க்கில் ஜயன்ட்ஸுக்கு எதிரே பேக்கர்ஸ் 14-7 என்று வென்றது. தீர்மானித்த டச்டவுனை எடுத்தவர் டெட் ஃபிரிட்ச். ஹட்சன் ஒரு பக்கமாக ஓட, காவலர்கள் தேன் கண்ட ஈக்கள்போல் அவர் பின்னால் போனார்கள். மறுபக்கம் ஃபிரிட்ச் தன்னந்தனியாக நின்று பந்தை வாங்கிக்கொண்டார். ஹட்சனுக்கு மூன்றாவது பட்டம். புள்ளிவிவரத்தில் இதற்குப் பத்தியே கிடையாது.

போர்க்கணக்கு அவ்வளவுதான். இனி நான் சொன்ன இன்னொரு கணக்கு.

1933 சீசனில் லீக்கில் இரண்டு கறுப்பின ஆட்டக்காரர்கள் இருந்தார்கள்: ஜோ லில்லார்ட், ரே கெம்ப். அந்த வருடத்தோடு இருவரும் போனார்கள். அதன்பின் 1934 முதல் 1945 வரை பன்னிரண்டு சீசனில் ஒரே ஒரு கறுப்பினத்தவர்கூட லீக்கில் இல்லை. எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது. முதலாளிகளுக்குள் ஒரு புரிதல். இதைத் தூண்டியவர் என்று பெரும்பாலோர் கைகாட்டுவது பாஸ்டன் ரெட்ஸ்கின்ஸ் அணியின் முதலாளி ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷலை. ஹட்சன் ஆடியது 1935 முதல் 1945 வரை. தடை இருந்த பன்னிரண்டு வருடத்துக்குள் அவருடைய பதினொன்றும் அப்படியே அடங்கிவிடுகின்றன. தொழில்முறை லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவரைக் காவல் காத்தவர்களில், அவரோடு போட்டியிட்டவர்களில் ஒரு கறுப்பினத்தவர் இல்லை. போர் நான்கு சீசனைத்தான் தொட்டது. இது முழு வாழ்க்கையையும் தொட்டது.

யார் வெளியே நின்றார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1939ல் லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ. அணியில் நான்கு கறுப்பின இளைஞர்கள் ஆடினார்கள். அவர்களில் மூவரைச் சொல்கிறேன். ஒருவர் ஜாக்கி ராபின்சன், பிறகு பேஸ்பாலில் நிறத்தடையை உடைத்தவர். இரண்டாமவர் கென்னி வாஷிங்டன். அந்த சீசனில் ஓடியும் எறிந்தும் எடுத்த மொத்த கெஜத்தில் நாட்டிலேயே முதல். மூன்றாமவர் வுடி ஸ்ட்ரோட். அவர் ஆடிய இடம் ஓரம், ஹட்சனின் இடம். வயதிலும் ஹட்சனைவிட ஒன்றரை வருடம்தான் இளையவர். லீக்கின் எந்த அணியும் வாஷிங்டனையோ ஸ்ட்ரோடையோ எடுக்கவில்லை.

அப்போதெல்லாம் ஒவ்வொரு ஆகஸ்டிலும் சிகாகோவில் ஒரு காட்சி ஆட்டம் நடக்கும். லீக் சாம்பியனும், அந்த வருடம் கல்லூரி முடித்த நட்சத்திரங்களும் மோதுவார்கள். 1940ல் சாம்பியன் கிரீன் பே. கல்லூரி அணியில் கென்னி வாஷிங்டன். பேக்கர்ஸ் 45-28 என்று ஜெயித்தது. அன்று ஒரு மாலை நேரம் மட்டும் ஹட்சனும் வாஷிங்டனும் ஒரே புல்லில் ஓடினார்கள். மறுநாள் ஒருவர் லீக்குக்குத் திரும்பினார். மற்றவர் மேற்குக் கடற்கரையின் சிறு லீக்குகளில் ஆடி முழங்கால்களைக் கெடுத்துக்கொண்டார்.

தடை உடைந்தது 1946ல். ராம்ஸ் அணி கிளீவ்லாந்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து, வரிப்பணத்தில் கட்டிய கொலிசியத்தில் ஆட அனுமதி கேட்டது. எங்கள் ஆட்களை எடுக்காத அணிக்கு எங்கள் பணத்தில் கட்டிய மைதானமா என்று அந்நகரின் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். வாஷிங்டனும் ஸ்ட்ரோடும் சேர்க்கப்பட்டார்கள். ஸ்ட்ரோடுக்கு அப்போது 32 வயது. அந்த ஒரே சீசனில் நான்கு பாஸ் பிடித்தார், அத்தோடு சரி. வாஷிங்டன் கெட்டுப்போன முழங்கால்களோடு மூன்று சீசன் தாக்குப்பிடித்தார். 1947ல் ஒரு முறை 92 கெஜம் ஓடினார், அது இன்றும் ராம்ஸ் அணியின் மிக நீண்ட ஓட்டம். பழுதான காலே இப்படி என்றால் 1940ல் எப்படி இருந்திருக்கும்! ஹட்சன் ஓய்வு பெற்றது 1945 சீசனோடு. ஒரு வருட வித்தியாசம்.

இதை எப்படிக் கழிப்பது? போருக்குக் கழித்ததுபோல் இதற்கு ஒரு வாய்பாடு போட முடியவில்லை. ஆடவிடாதவர்களுக்குப் புள்ளிவிவரம் இல்லை. ஹட்சனின் தவறு என்றும் சொல்ல முடியாது. அவர் யாரையும் தடுக்கும் இடத்தில் இருந்தவர் அல்ல. நான் செய்வது இவ்வளவுதான்: "அவர் காலத்தில் அவரே முதல்" என்று தயங்காமல் சொல்வேன், "எல்லாக் காலத்துக்கும் அவரே முதல்" என்பவர்களோடு சேர மாட்டேன். ஆட்டத்துக்கு எத்தனை டச்டவுன் என்று வகுத்துப் பார்த்தால் ஹட்சனுக்கு 0.85, பிற்காலத்து நட்சத்திரம் ஜெர்ரி ரைஸுக்கு 0.65 என்று வருவது உண்மை. ஆனால் ரைஸ் 303 ஆட்டம் ஆடி 197 டச்டவுன் எடுத்தது கதவு எல்லோருக்கும் திறந்திருந்த லீக்கில். அதே சமயம் ரைஸ் ஓடிய ரூட்டுகளுக்குத் தடம் போட்டவர் யார் என்பதையும் மறக்க வேண்டாம்.

சாதனைகள் எவ்வளவு நாள் நின்றன என்று கேட்பீர்கள். பிடித்த எண்ணிக்கையில் அவரைத் தாண்டியவர் பில்லி ஹௌட்டன், 1963ல். அதே வருடம்தான் ஓஹையோ மாநிலத்தின் கேன்டனில் தொடங்கிய கால்பந்துப் புகழ் மன்றத்தில் முதல் பதினேழு பேரில் ஒருவராக ஹட்சன் சேர்க்கப்பட்டார். ஒரு சீசனில் 17 டச்டவுன் என்பது 1984 வரை நின்றது. மொத்தம் 99 என்பது 1989 டிசம்பரில்தான் விழுந்தது. ஸ்டீவ் லார்ஜென்ட் தன் 100ஆவதைப் பிடித்தபோது. லார்ஜென்ட் அதற்கு எடுத்துக்கொண்டது 14 சீசன். ஹட்சனின் 14ஆம் எண் சட்டையை 1951லேயே பேக்கர்ஸ் யாருக்கும் தருவதில்லை என்று எடுத்து வைத்துவிட்டது. அந்த அணி அப்படி எடுத்து வைத்த முதல் எண் அது. ஆட்டம் முடிந்தபின் விஸ்கான்சினின் ரசீன் நகரில் கார் விற்பனை செய்து நன்றாகவே வாழ்ந்தார். 1997 ஜூனில் கலிஃபோர்னியாவில் காலமானார்.

அதற்கு ஒன்பது வருடம் முன்பு, 1988 ஜனவரி 31, சான் டியேகோவில் இருபத்திரண்டாவது சூப்பர் பௌல், அதாவது லீக்கின் இறுதி ஆட்டம். அன்றைக்கு ஹட்சனுக்கு 75ஆவது பிறந்தநாள். ஆட்டம் தொடங்கக் காசைச் சுண்டிவிட அவரைத்தான் அழைத்திருந்தார்கள். எதிரெதிரே நின்றவை டென்வரும் வாஷிங்டனும். வாஷிங்டன் என்பது வேறு அணி அல்ல, 1936 இறுதி ஆட்டத்தில் ஹட்சன் தோற்கடித்த அதே பாஸ்டன் ரெட்ஸ்கின்ஸ். மறுவருடம் மார்ஷல் அதைத் தலைநகருக்கு மாற்றினார். லீக்கில் கறுப்பின ஆட்டக்காரரைக் கடைசியாகச் சேர்த்த அணியும் அதுதான், 1962ல். அன்று அந்த அணிக்கு எறிந்தவர் டக் வில்லியம்ஸ், சூப்பர் பௌலில் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிகிறவராக, தொடக்கத்திலிருந்தே இறங்கிய முதல் கறுப்பினத்தவர். வாஷிங்டன் 42-10 என்று ஜெயித்தது. வில்லியம்ஸ் நான்கு டச்டவுன் பாஸ் எறிந்தார், நான்கும் இரண்டாவது குவார்ட்டரில்.